எட்டாம் நெம்பர் ஊடு நன்றாக இருந்த நாட்கள்

இன்று காலை தையல்கடையில் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஹூக் வைக்கட்டுமா, பிரஸ் பட்டன் வைக்கட்டுமா?" என்று கேட்டபடி அந்தப் பெண் ஒரு டப்பாவைக் கவிழ்த்தாள். மேசைமேல் பிரஸ் பட்டன்கள் சலசலவென்று கொட்டின. எனக்கு ரவிக்கை மறந்துபோயிற்று. ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினேன். 'டக்'. அது எங்கள் அட்டைப் பொம்மை பட்டுவின் முழங்கை. இன்னொன்று மாரப்பனின் தோள்பட்டை. சின்னதாய்க் கிடந்த நாலும் ஆட்டின் கால்கள். தையல்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. ஒரே வயது, ஒரே மேசை, ஒரே தூக்குப்போசியில் சாப்பாடு. ஆனாலும் கடைசி வரை 'வாங்க, போங்க' என்றேதான் பேசிக்கொண்டோம். எழுத்தில் மட்டும் இன்று 'நீ' என்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய்.

தொண்ணூற்று நாலில் நாம் சேர்ந்த அந்த ஆபீஸ் நினைவிருக்கிறதா? கோவை ஆர்.எஸ்.புரத்தில் பட்டுப்புடவைக் கடைக்கு மேல் மாடி. கேபிள் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி, வீடுகளுக்குக் கேபிள் இணைப்பு கொடுத்ததோடு தன் சொந்த சானல் ஒன்றையும் நடத்திவந்தார். எந்தத் தெருவுக்கு இன்று தண்ணீர் வராது, யார் வீட்டு நாய்க்குட்டி காணவில்லை என்று கேமரா முன்னால் வாசிப்பது என் வேலை. கடைகளுக்கு விளம்பர அட்டை வரைவது உன் வேலை. கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். அட்டைச் சுருளைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறுவாய்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஞாயிறு காலை போட இருந்த ஒரு கல்யாண டேப் மிஷினில் சிக்கி நசுங்கிவிட்டது. பத்து நிமிடம் காலி.

நீ கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னாய்: "கார்ட்டூன் பண்ணிப் போடலாங்கண்ணா."

"யாருங்க பண்றது?"

"நாங்கதாங்க."

'நாங்க' என்று நீ சொன்னபோது அதில் நானும் இருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

இரண்டு நாளில் செய்து முடித்தோம். அட்டையில் ஆட்களை வரைந்து, வெட்டி, கைகால்களைப் பிரஸ் பட்டனால் இணைத்தாய். மேசைக்கு நேர் மேலே கேமராவைக் கட்டினோம். நீ கையை ஒரு நெல்மணி அளவு நகர்த்துவாய், நான் பொத்தானை அழுத்துவேன். மறுபடி நகர்த்துவாய், மறுபடி அழுத்துவேன். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது அட்டை மாரப்பன் தலையைத் திருப்பி நம்மைப் பார்த்தாரே, அப்போது நீ என் தோளைப் பிடித்த பிடி ஒரு வாரம் வலித்தது.

'எட்டாம் நெம்பர் ஊடு' அப்படித்தான் பிறந்தது. வரிசை வீடுகளில் எட்டாவது வீடு. மோட்டார் பழுது பார்க்கும் மாரப்பன், அவர் மனைவி சரசு, பள்ளிக்கூடம் போகும் மகள் பட்டு. பொள்ளாச்சிச் சந்தையில் விருந்துக்கென்று வாங்கி, அறுக்க மனம் வராமல் வாசலில் கட்டியே கிடக்கும் ஓர் ஆடு. ஆடு பேசாது, இருமும். மாரப்பனுக்கு அண்ணன் குரல், சரசுவுக்கு உன் குரல், பட்டுவுக்கு என் குரல். இருமலை இருவரும் மாறி மாறிப் போட்டோம். கதை எழுதுவது நான்.

முதல் சில மாதங்கள் படம் பார்க்கச் சகிக்காது. பட்டுவின் கை ஒருமுறை பாதியில் கழன்று விழுந்தது. திருப்பி எடுக்க நேரமில்லை. "கை விழுந்துபோச்சும்மா" என்று நான் பட்டுவாகச் சொல்ல, "எடுத்து மாட்டிக்கிட்டு சாப்பிட வா" என்று நீ சரசுவாகச் சொன்னாய். திங்கட்கிழமை கீழே பட்டுக்கடையில் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாம் படியிலேயே நின்று கேட்டோம். உனக்குக் கண்ணெல்லாம் மின்னியது.

அடுத்த வருடம்தான் அதன் நல்ல காலம். அதற்கு வழி திறந்தவள் நீ. மாரப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று நான் திணறிக்கொண்டிருந்த ஒரு மதியம், சோற்றைப் பிசைந்தபடி உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய்.

"எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க அம்மணி. பஸ்ஸு வந்தா பக்கத்துல நிக்கறவங்ககிட்ட, 'கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க, இது எங்க போகுதுங்க'ம்பாரு. எங்கப்பாகிட்ட கண்ணாடியே கெடையாதுங்க."

தோப்பில் தேங்காய் உரித்து உன்னைப் படிக்கவைத்த மனிதர். அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அன்று மாரப்பனைப் பார்த்துவிட்டேன். அந்த வாரக் கதையை ஒரே மூச்சில் எழுதினேன். பட்டு கணக்கில் பெயிலாகி மார்க் அட்டையோடு வருகிறாள். மாரப்பன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்குது கண்ணு" என்கிறார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று பட்டுவுக்கு அந்த நொடியில் புரிகிறது. பொய் சொல்லித் தப்பிக்கலாம். சொல்லாமல், "கணக்குல முப்பத்தொண்ணுப்பா" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். மாரப்பன் தலையாட்டுகிறார்: "ஆமா, நான் பாத்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

ஒலிப்பதிவின்போது அண்ணனுக்கு அந்த வரியில் குரல் கம்மியது. அதையே வைத்துக்கொண்டோம். அந்த ஞாயிறு ஒளிபரப்பு முடிந்ததும் போன் அடித்தது. வைத்தால் மறுபடி அடித்தது. ஒரு அம்மா ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டு வைத்தார். நாம் இரண்டு பேரும் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் காரணமே இல்லாமல் குதித்தோம்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் எழுதவேண்டும். அந்தத் தொடரைக் கெடுத்தது நான்.

ஒரே நாளில் கெடவில்லை. ஒரு வாரம் மாரப்பன் கோபத்தில் கத்தினார்; ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமும் கத்தவைத்தேன். சரசு ஒருமுறை விளக்குமாற்றைத் தூக்கினாள். அதன்பின் விளக்குமாறு இல்லாமல் அவள் வரவே இல்லை. ஆட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். கதை கிடைக்காத வாரங்களில் விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்களின் படங்களை வெட்டி விருந்தாளியாக உள்ளே நுழைத்தேன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வண்ணம் பளிச்சென்றாயிற்று, அசைவு வழுக்கிக்கொண்டு போயிற்று, யார் கையும் கழன்று விழவில்லை. தொடர் முன்னேறிவிட்டது என்றுதான் மனதார நம்பினேன்.

நீ ஒருமுறைதான் சொன்னாய். "மொதல்ல மாரப்பனுக்கு ஒண்ணு தெரியாதுங்க. இப்ப அவருக்கு ஒண்ணுமே தெரியாது. ரெண்டும் வேறைங்க அம்மணி."

"ஜனங்க சிரிக்கறாங்களே," என்றேன். நீ தூரிகையைக் கழுவப் போய்விட்டாய்.

அதன்பின் அந்த பஸ் கதை. போர்டு படிக்கத் தெரியாமல் மாரப்பன் பஸ் மாறி ஏறி, பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் இறங்குகிறார். அவரையும் ஒரு கயிற்றில் கட்டி வரிசையில் நிறுத்துகிறார்கள். ஒருவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். எழுதும்போதே விழுந்து விழுந்து சிரித்தேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் வரைந்து கொடுத்தாய். அந்த மௌனத்தை நான் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நீ வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் கத்தரிக்கோலை எடுக்க வந்தாய்.

"அப்பா பாத்தாருங்க," என்றாய். "எல்லாரோடயும் சேந்து சிரிச்சாருங்க. அப்பறம் செருப்பப் போட்டுட்டு வெளிய போனவரு, மத்தியானம் சோத்துக்கு வரலீங்க."

கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டாய்.

"கண்ணாடி விசயத்தை உங்ககிட்டச் சொன்னது நானுங்க. அதாங்க தாங்க மாட்டேங்குது." அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாய்.

வெட்கத்தை வீம்பாக மாற்றிக்கொண்டு எட்டு மாதம் நீயில்லாமலே தொடரை ஓட்டினேன். ஒரு ஞாயிறு காலை, காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் டி.வி.; அதில் நம் தொடர். பத்துப் பேர் இருந்தார்கள். மாரப்பன் கத்தினார், விளக்குமாறு பறந்தது. ஒரு முகம் அசையவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்து, "வேற ஏதாவது வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "வெய்யுங்க," என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். என்ன ஆச்சரியம் தெரியுமா, எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காய்ச்சலோடு பொள்ளாச்சி பஸ் ஏறிக் கிணத்துக்கடவில் இறங்கினேன். விசாரித்து உன் வீட்டை அடைந்தபோது வாசலில் உன் அப்பா கடப்பாரையை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். "வாங்க கண்ணு, உள்ள வாங்க. டீ வெக்கச் சொல்றேன்."

உட்காராமலே சொன்னேன்: "அப்பா, அந்த பஸ் கதை நான் எழுதுனதுங்க. தப்புங்க. மன்னிச்சிருங்க."

அவர் கையிலிருந்த மட்டையைப் பார்த்தபடி நின்றார். "பஸ்ஸு மாறி ஏறுனதுல தப்பில்லீங் கண்ணு. நானும் ஏறியிருக்கறேன்," என்றார். மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "ஆனா அந்தாளு கேட்டிருப்பாருங்க. படிக்கத் தெரியாதவன் பொழப்பு பூரா கேட்டு கேட்டுத்தான் போறது. கேக்காம ஏறவே மாட்டான்."

இரண்டு வருடமாக என் கதையில் என்ன கெட்டுப்போயிருந்தது என்பதை அவர் ஒரே நிமிடத்தில் எடுத்துச் சொல்லிவிட்டார். மாரப்பன் என்ன செய்வார் என்று நான் யோசிப்பதையே விட்டிருந்தேன்; ஜனங்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்று மட்டும் யோசித்திருந்தேன். உள்ளேயிருந்து நீ வந்து நிலைப்படியில் நின்றாய். எட்டு மாதத்துக்குப் பிறகு உன் முகம்.

"ஏனுங்க, இன்னொண்ணு பண்ணலாங்களா? கடைசியா ஒண்ணு," என்றேன்.

"கடைசின்னா கடைசிதானுங்களே?"

"கடைசிதானுங்க."

கம்ப்யூட்டர் வேண்டாம் என்றோம். உன் வீட்டிலேயே மூன்று பகல் வேலை செய்தோம்; கேமராவை அண்ணன் கொடுத்தனுப்பினார். பழைய அட்டை மாரப்பனைத் தேடி எடுத்துத் தோளைத் தைத்தாய். ஆட்டின் கறுப்புக் கண்ணாடியை நீயே பிய்த்துப் போட்டாய். கதை மிகச் சின்னது. பஸ் ஸ்டாண்டில் மாரப்பன் ஒவ்வொருவரிடமும், "கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க, இது எங்க போகுதுங்க?" என்று கேட்கிறார். ஒவ்வொருவரும் பஸ்ஸைச் சொல்லாமல் தங்கள் சொந்தக் கதையைச் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு பெண் அவரிடமே வந்து கேட்கிறாள்: "அண்ணா, நான் கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க. இது எந்த பஸ்ஸுங்க?"

குரலில்தான் சிக்கல். கத்திக் கத்தி அண்ணனின் மாரப்பன் குரல் கெட்டிருந்தது. நாம் வசனத்தைப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், பின்னால் உட்கார்ந்திருந்த உன் அப்பா தன்பாட்டுக்கு மெல்ல அதைச் சொல்லிப் பார்த்தார். நீயும் நானும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

"சும்மா வெளையாட்டுக்குங்க," என்று அவர் கூச்சப்பட்டார். விடுவோமா? இரண்டு தடவை படித்துக் காட்டினால் மூன்றாம் தடவை அவர் வாயில் வசனம் உட்கார்ந்துவிடும். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசி வரிக்கு வந்தோம். அந்தப் பெண்ணுக்கு மாரப்பன் சொல்வதாக, "எனக்கும் தெரியாதுங்க," என்று எழுதியிருந்தேன். நீ அந்தப் பெண்ணின் குரலில் கேட்டாய். அவர் உன்னையே பார்த்தார். நான் எழுதியதைச் சொல்லவில்லை.

"இருங்க அம்மணி. ரெண்டு பேரும் சேந்து கேட்டுப்போடலாம்."

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

அந்த ஞாயிறு உன் வீட்டுக்குள் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் நிறைந்திருந்தது. தன் குரல் வந்தபோது உன் அப்பா வேறு யாரோ பேசுவதுபோல முன்னால் குனிந்து கேட்டார். மூன்றாவது ஆள் தன் மருமகன் புராணத்தை ஆரம்பித்தபோது தொடையில் தட்டிச் சிரித்தார். முடிந்தபின்னும் எழுந்து போகவில்லை, "இன்னொருக்கா போடுவாங்களா?" என்று உன்னைக் கேட்டார். நீ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாய்.

மறுநாள் அண்ணன் துள்ளிக்கொண்டிருந்தார். போன் ஓயவில்லையாம். "இதே மாதிரி இன்னும் ஒரு வருசம் ஓட்டுங்க," என்றார். நீ என்னைத்தான் பார்த்தாய். நம் இருவரில் எப்போதும் சரி என்று சொல்கிறவள் நான்தானே.

"முடிஞ்சுபோச்சுங்கண்ணா," என்றேன். நீ சிரித்த அந்தச் சிரிப்பை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

அதன்பின் நீ பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனாய். நான் சென்னைக்கு வந்து சீரியல்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறேன். எத்தனையோ தொடர்கள் நல்லதாய்த் தொடங்கி நைந்துபோவதைக் கிட்டத்திலிருந்து பார்த்துவிட்டேன். ஆட்கள் இல்லாமல் போய் அவர்களின் சேட்டை மட்டும் மிஞ்சும் அந்த வாரம் எது என்று எனக்கு இப்போது வாசனையிலேயே தெரிகிறது. அது நீ கொடுத்தது.

போன மாதம் கதை விவாதத்தில் இளைஞர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். இளைஞர்கள் என்றால் என்னைத் தவிர. ஒரு வாட்ச்மேன் பாத்திரத்தை லிஃப்டில் மாட்டவைத்து அழவைக்கலாம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அவரு தினமும் அந்த லிஃப்டுக்குப் பக்கத்துலயேதான உக்காந்திருக்காரு. மாட்டுனா என்ன பண்ணணும்னு அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். பிறகு ஒரு பையன் தன் மாமா பத்து வருடம் வாட்ச்மேனாக இருந்ததைச் சொல்லத் தொடங்கினான். இன்னொருத்தி குறுக்கே புகுந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டீ ஆறிப்போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை. நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தேன். பேனா தீர்ந்துவிட்டது. பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு வாங்கி எழுதினேன்.