குடிநீர் என்று நான் கொடுத்த குடம்

மரக்காணம்
ஜூன் 9, செவ்வாய்

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதாகச் சொல்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை வைத்த பிறகு யோசிக்கிறேன். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, கேட்டால் அறை வெளிச்சம் அப்படி என்கிறாய். ஸ்காட்லாந்தில் வெளிச்சம் மனுஷர் கன்னத்தைத் தின்னுமா? வேளாவேளைக்குச் சோறு ஆக்கிச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துவிட்டு சாப்பிட்டேன் என்று சொல்லாதே, எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது திண்டிவனம் வரைக்கும் போய் வெளிநாட்டுத் தபால் போடுவானேன் என்று கேட்பாய். போன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. போன மாதம் உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பலாமா என்று அப்பாவிடம் வாயால்தான் கேட்டேன், மறுநாள் போனைத் திறந்தால் வரிசையாக ஸ்வெட்டர் படம், யார் ஒட்டுக்கேட்கிறார்கள் சொல். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூன்று தடவை உன்னிடம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மூன்று தடவையும் நீ சிரித்த முகமாக இருந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், முழுதும் படித்து முடிக்கிறவரைக்கும் போன் போடாதே. இறால் பண்ணையும் கடலோரக் குடிநீரும் சட்டமும் என்று நீ கண் விழித்து எழுதுகிற ஆராய்ச்சியில் நம் ஊர்த் தண்ணீர் என்று ஒரு அளவு போட்டிருக்கிறாயே, அது நம் ஊர்க் குடிதண்ணீர் இல்லை. அந்தப் பொய்யை அதில் கலந்தது நான்தான்.

சொல்லிவிட்டேன். இப்போதுதான் கொஞ்சம் மூச்சு வருகிறது, நடுவில் ஊர் சமாச்சாரத்தையும் எழுதிவிடுகிறேன். மே மாதம் இரண்டு நாள் பெய்த மழையில் உப்பளப் பாத்தியில் பூத்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோய் மறுபடி முதலிலிருந்து தண்ணீர் கட்டினார்கள், பத்து நாள் வேலை இல்லை, இப்போது பரவாயில்லை. மகளிர் குழுவில் இந்த வருஷமும் என்னையே செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். யாரையும் நம்பமாட்டேன் என்பதால்தான் ராசம்மாக்காவைப் போட்டோம் என்று ரேணுகா கூட்டத்திலேயே சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் உதவித்தொகை விஷயமும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம் ஊர் உப்புத் தண்ணீரைப் பற்றிப் படிக்க அவர்கள் எதற்கு உனக்குச் செலவு செய்கிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? நீ பத்து தடவை விளக்கிவிட்டாய், பத்து தடவையும் தலையாட்டினேன், அவ்வளவுதான். சட்டம் படிக்கிறாள் என்றால் சரி, கொள்கை என்று ஒரு பாடமா, அது கட்சிக்காரர்கள் வைத்திருப்பது ஆயிற்றே என்று அப்பா கேட்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து நான் மாதா கோயில் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் பையன் ஒருவன் தோளில் பையும் கையில் பெட்டியுமாக வந்தான், பெட்டிக்குள் வரிசையாகப் பாட்டில். பெயர் சரத்குமார் என்றான். அது அவன் சொந்தப் பெயர்தானா என்றே எனக்குச் சந்தேகம், சட்டென்று கேட்டால் யாருக்கும் வாயில் வருகிற பெயர் மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க வந்திருக்கிறேன் என்றான். யாருக்காக என்றேன். ஒரு ஆராய்ச்சிக்கு, யாருடையது என்று சொல்லக்கூடாது என்றான். நீயே சொல், இப்படி ஒருத்தன் வந்து நின்றால் என்ன நினைப்பாய்? சுற்றிலும் உப்பளம், எங்கே தோண்டினாலும் உப்பு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒரு கிணறுதான் நமக்கு நாக்குக்கு ஒத்த தண்ணீர். அதனால்தானே வெளியாள் யார் வந்து நல்ல தண்ணீர் எங்கே என்றாலும், எல்லாம் உப்புதாங்க என்று சொல்லி அனுப்புகிறோம், நீயும் பாவாடை கட்டின வயதில் அப்படிச் சொன்னவள்தான். காரணம் இல்லாமலா? மேற்கே ஒரு ஊரில் இப்படித்தான் ஒருத்தன் பாட்டில் கொண்டுவந்தான், தண்ணீர் அருமை என்று எழுதிக்கொண்டு போனான், ஆறே மாதத்தில் போர் போட்டு லாரி லாரியாக உறிஞ்சினார்கள். இன்றைக்கு அந்த ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் கிணற்றுக்கு வருகிறார்கள்.

கிணற்றைக் காட்டுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான். பொம்பளைங்க குளிக்கிறாங்க, அந்தப் பக்கம் போகாதே என்றேன். முகம் சிவந்து அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போகிற மாதிரி போய், சுற்றிக்கொண்டு உப்பளத்துக்கு இறைக்கிற போருக்குப் போனேன், பாத்திக்குப் பாய்கிற அந்தத் தண்ணீரைக் குடம் நிறையப் பிடித்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். உப்பை அளக்கிறதாம், பேனா மாதிரி ஒன்றை அதில் விட்டான், அதில் எண் ஏறிக்கொண்டே போனது, அவன் என் முகத்தைப் பார்த்தான். “அம்மா, டெய்லி இதையா குடிக்கிறீங்க?” என்றான். “ஆமாம்பா, இதத்தான் குடிக்கிறோம், வேற எங்க போறது” என்றேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. நம்பாமல் எழுந்து கிணற்றைத் தேடிப் போய்விட்டால்? ஒரு டம்ளர் மொண்டு அவன் எதிரிலேயே மடமடவென்று குடித்தேன். முகம் சுளிக்கவில்லை, முப்பது வருஷம் உப்பில் நிற்கிறவள் நான். அவன் கண் கலங்கிவிட்டது அருள்மொழி. பாட்டிலை நிரப்பி என்னவோ எழுதி ஒட்டினான், பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினான், என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவன் பஸ் ஏறுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கோயில் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அந்தப் பிஸ்கட்டில் என்ன கலந்திருக்கிறானோ என்று கோழிக்குப் போட்டேன். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, மெட்ராஸ்காரனையே ஏமாற்றி அனுப்பினேன் என்று குழுவில் ஒரு வாரம் அதே பேச்சு. மே மாதம் நீ போனில் சொன்னாய், பதினேழு ஊரில் தண்ணீர் எடுத்தோம்மா, அதில் நம் ஊர்தான் ரொம்ப மோசம், பண்ணை வந்து நம் கிணற்றையே கெடுத்துவிட்டது, என் ஆராய்ச்சிக்கே அதுதான் முக்கியமான ஆதாரம், சரத்குமார்தான் எனக்காக எடுத்துக் கொடுத்தான் என்று. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்கு மேல் நீ சொன்னாய். “அதுல ஒரு அம்மா அவன் எதிர்லயே அந்தத் தண்ணியக் குடிச்சாங்களாம்மா. யாரும்மா அது, உனக்குத் தெரியுமா?” சொல்லும்போதே நீ அழுதுவிட்டாய். டவர் இல்லை என்று சொல்லி போனை வைத்தேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா நான்தான்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிய ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பன்னீரே ஊற்றிக் கொடுத்திருப்பேனே. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் தண்ணீரை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி என்றாய். பெற்றவளையே சந்தேகப்பட்டு ஒரு விதி வைத்திருக்கிறீர்கள், அப்புறம் நான் சந்தேகப்பட்டால் மட்டும் குற்றமா? அந்தப் பையனுக்கும் சொல், பாட்டிலை அவன் கையால் நிரப்பவேண்டும் என்று தெரிந்தவன், யாரோ குளிக்கிறார்கள் என்றதும் உட்கார்ந்துவிடுவதா? நல்ல பிள்ளை, ஆனால் இந்த வேலைக்கு அவ்வளவு நல்ல பிள்ளை ஆகாது. இன்னொன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மற்ற பதினாறு ஊரிலும் அவன் எப்படி எடுத்தான்? அவர்களும் நம்மைப்போல உப்பளத்துக்காரர்கள்தானே, அவர்களுக்கு மட்டும் நல்ல தண்ணீரை மறைக்கத் தெரியாதா? அதையும் கேட்டுவிடு.

அந்தப் பையன் உன் ஆள் என்பதை அப்பாவிடம் மட்டும்தான் சொன்னேன், அவர் டீக்கடையில் சொல்லிவிட்டார், மறுநாள் வார்டு மெம்பர் ஆதிமூலம் வீட்டுக்கே வந்துவிட்டான். இறால் பண்ணையால் நமக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் குட்டையிலிருந்து திறந்துவிடுகிற தண்ணீரில் வாய்க்கால் நாறுகிறது, நண்டு செத்து மிதக்கிறது, கரையோரம் நின்ற பனை நாலு காய்ந்துபோயிற்று, அந்தப் பண்ணை போனால் நான் முதல் ஆளாகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். உன் ஆராய்ச்சியை வாங்கி ஜூலையில் மெட்ராஸ் வக்கீல் பண்ணைக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் போடப்போகிறார் என்பது வரைக்கும் ஆதிமூலத்துக்குத் தெரிந்திருக்கிறது, எப்படித் தெரிந்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். “கேஸு ஜெயிக்கணுமா வேணாமா? பொண்ணும் பாஸாயிடும், பண்ணையும் மூடிடுவான், நீ வாயத் தொறக்காத” என்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பண்ணைக்காரனைக் காரில் கூட்டிவந்து இடம் காட்டியதே இந்த ஆதிமூலம்தான், இன்றைக்கு எதற்கு நம் பக்கம் நிற்கிறான்? நாளைக்கு அவனே பண்ணைக்காரன் வக்கீலிடம் போய், அந்தப் பொண்ணோட அம்மாதான் தண்ணீரை மாற்றிக் கொடுத்தாள் என்று சொல்லமாட்டான் என்று என்ன நிச்சயம்? அவன் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அவர்கள் ஒரு பாட்டிலை நம் கிணற்றில் விட்டு எடுத்தால் போதும், நீ எழுதினது எல்லாமே பொய் என்று ஆகிவிடும், அந்தப் பதினாறு ஊர்க்காரர்கள் அழுகிறதும் பொய் என்று ஆகிவிடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று போன வாரம் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் நாக்கு சாட்சிக்கு ஆகுமா? போர்த் தண்ணீரையே முகம் சுளிக்காமல் குடித்த நாக்கு இது. செஞ்சியிலிருந்து வந்திருந்த உன் பெரியம்மா மருமகளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு, தாகம் இல்லை அத்தை என்று கீழே வைத்தாள். அந்த வெயிலில் பஸ்ஸில் வந்தவளுக்குத் தாகம் இல்லையாம். அப்பாவுக்கு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதிலிருந்து குழம்பில் பாதி உப்புதான் போடுகிறேன், திருட்டுத்தனமாகக் கருவாடும் ஊறுகாயும் தின்கிறார் என்று சண்டை போட்டேன், சட்டைப் பையை மோந்து பார்த்தேன். அவர் மாதா மேல் சத்தியம் செய்தார், அப்போதும் நான் நம்பவில்லை. இப்போது கிணற்றை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சந்தேகம் அதன் மேல் திரும்புகிறது. எதை மறைக்க நான் அவ்வளவு நாடகம் ஆடினேனோ அந்தத் தண்ணீரே கெட்டுப்போயிருந்தால், உண்மையை எழுத வந்த பையனைத் திருப்பி அனுப்பினவள் நான்தானே. அப்பாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

ஆகையால் நீ செய்ய வேண்டியது. நம் ஊர் அளவை முதலில் எடுத்துவிடு, உனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்கிற மேடத்திடமும் வக்கீலிடமும் நீயாகவே சொல், பண்ணைக்காரர்கள் கண்டுபிடிக்கும்வரை இருக்காதே. தவறு நேர்ந்தது என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் உன்னைத்தான் சந்தேகப்படுவார்கள். என் பெயரைப் போடு. ராசம்மாள், உப்பளத்தில் வேலை செய்கிறவள், ஆராய்ச்சி செய்கிறவளுடைய தாய், வேறு தண்ணீரைக் குடிதண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தாள் என்று எழுது, எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆதிமூலம் ஊரைக் கூட்டினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் படிப்பு தள்ளிப்போனால் என்னைத் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணு.

மாதா உன்னை நிழலில் வைத்துக் காப்பாற்றட்டும், நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் நிற்கட்டும், அந்தக் குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே, அப்பா முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னார்.

மறக்காமல் அந்தப் பையனைத் திரும்ப அனுப்பு. அது குடிக்கிற கிணறு, அங்கே யாரும் ஒருநாளும் குளித்ததில்லை. வாளியை அவனே விடட்டும், அவனே இறைக்கட்டும், நான் தள்ளி நிற்கிறேன். நான் என்ன சொன்னாலும் என்னை நம்பவேண்டாம் என்று அவனிடம் சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. ராசம்மாள்