ஒன்றேகால் இஞ்ச்

அன்புள்ள சிட்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; பொய் எழுதக் கை வரவில்லை.

முதலில் நல்லது. சிட்டு, கட்டைவிரல் இல்லாத வலது கையால் பென்சிலைப் பிடித்து, வகுப்பிலேயே வேகமாக எழுதுகிறாளாம். வாய் அதைவிட வேகம். அது உங்கள் வீட்டுச் சொத்து. இதயத்தில் ஓட்டை அடைத்த இடம் நன்றாக இருக்கிறது. ஒற்றைச் சிறுநீரகமும் ஒழுங்காக வேலை செய்கிறது.

முதுகுதான் சரியில்லை. பிறந்தபோதே முதுகெலும்பில் ஒன்று பாதிதான் உருவாகியிருக்கிறது, வளர வளர முதுகு வளையலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள் என்று எலும்பு டாக்டர் சொன்னாரே. இதய ஆபரேஷனுக்குப் பிறகு நாம் அதை விட்டுவிட்டோம். 'நாம்' என்ன, நான்தான் கூட்டிப் போகவில்லை.

பள்ளியில் சேர்த்தபோது, பிள்ளையைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று எழுதினீர்கள். தையல்காரிக்கு அது பெரிய வேலையா? தாழ்ந்த தோளில் பஞ்சு வைத்தேன். பாவாடையை ஒரு பக்கம் ஏற்றித் தைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சட்டை நேராக நின்றதால் முதுகும் நேராக இருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன்.

போன வாரம் பள்ளிக்கு வந்த டாக்டர் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். எத்தனை நாளாக இப்படி என்று எலும்பு டாக்டர் கேட்டார். என் அளவு நோட்டை நீட்டினேன். இரண்டு தோளுக்கும் வித்தியாசம் முதலில் கால் இஞ்ச், அப்புறம் அரை, இப்போது ஒன்றேகால். எல்லாம் என் கையெழுத்து. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

இனியும் தள்ளிப்போட்டால் நுரையீரலை நெருக்குமாம், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அவ்வளவு நேர மயக்கத்தை அந்த இதயம் தாங்குமா என்று பேச, இதய டாக்டரும் வருகிறார். அந்தப் பேச்சு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டாலே போதுமாம். என்னால் தனியாகப் போட முடியாது.

நேற்று சிட்டு கேட்டாள்: "அம்மா, அப்பா வர்றப்போ பஞ்சு வச்ச சட்டைதான் போடணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் உடம்பு இருக்கிறபடியே அளவெடுத்து, ஒரு தோள் இறங்கிய சட்டை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். அதோடுதான் வாசலில் நிற்பாள். அவள் பிறந்த அன்று தொட்டிலருகே நின்றுகொண்டு சுவரையே பார்த்தீர்களே, இந்த முறை அவளைப் பாருங்கள். பன்னிரண்டுக்குள் வந்துவிடுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள் என்று வேண்டும்,
சிட்டுவின் அம்மா