பதினொரு நாள் வாக்கு

கோப்பெங்
3.3.2024

அன்புள்ள துளசிக்கு,

நலம்தானே? தெலுக் இந்தானில் தங்கை வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் நம் பழைய தோட்டத்துக் கோயிலில் அம்மன் உன் மேல் இறங்கிச் சொன்னதை நான் எழுதி வைத்தேனே, அந்த வாக்குப் புத்தகம் மூன்றாம் பதிப்பு வருகிறது. “பதினொரு நாளும் அம்மன்தான் பேசுனாங்கன்னு அக்கா ஒரு கையெழுத்துப் போட்டா போதும்லா” என்கிறார் கோயில் தலைவர் முருகப்பன். தாளை உள்ளே வைத்திருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தை இதில் காட்டாதே.

உன் ராமையா

தெலுக் இந்தான்
10.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்மன் வரவில்லை. நம் நித்யா டெங்கிக் காய்ச்சலில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோயிலில் உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். ‘மகளே, பயப்படாதே, விளக்கை அணைக்க மாட்டேன்’ என்றேன். இருட்டென்றால் அவளுக்கு எவ்வளவு பயம்! பூசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மாரியம்மா பார்த்துவிட்டு, “ஆத்தா வந்துட்டா!” என்று கத்தினாள். நீங்கள் நோட்டோடு ஓடி வந்தீர்கள்.

பிள்ளை போனதிலிருந்து நீங்கள் என்னோடு உட்கார்ந்து பேசியதே இல்லை. அன்று உட்கார்ந்தீர்கள். சொன்னதையெல்லாம் கேட்டீர்கள். அதற்காகவே மறுநாளும், பதினோராம் நாள் வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு பேசினேன். ஜனங்கள் காலில் விழுந்தார்கள். நான் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த வெட்கத்தில்தான் வீட்டை விட்டு வந்தேன், கோபத்தில் இல்லை.

துளசி

கோப்பெங்
24.3.2024

அன்புள்ள துளசி,

பெற்ற பிள்ளையிடம் நீ பேசியதைக் கேட்டும் எனக்குப் புரியவில்லையே, நான் என்ன அப்பன்? ‘மகளே, பயப்படாதே’ என்று புத்தகத்தில் வரும் அந்த முதல் வரியை எத்தனை பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன்!

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். “அம்மன் சொல்லல. துளசியும் சொல்லல. எல்லாம் நானே கட்டி எழுதுனது” என்றேன். மாரியம்மா புத்தகத்தை என் முன்னால் வீசிவிட்டுப் போனாள். “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க அண்ணே” என்றார் முருகப்பன். கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பரவாயில்லை, உன் பெயருக்கு ஒன்றும் வராது. நீ வீட்டுக்கு வரலாம்.

ராமையா

தெலுக் இந்தான்
31.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள் என்று தெரிகிறது. படித்துவிட்டு அழுதேன். ஆனால் என் பேச்சை முதலில் அம்மனுக்குக் கொடுத்தீர்கள்; இப்போது நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். நித்யாவிடம் பேசியது நான் அல்லவா?

வருகிற வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். நேராகக் கோயிலுக்குத்தான். மாரியம்மாவிடம் நானே சொல்கிறேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

நீங்களும் வாருங்கள். எனக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

துளசி