படுத்தபடி பார்க்க வேண்டியவை

லாஸ்பேட்டை, புதுச்சேரி
புதன்கிழமை

அன்பு ஆஃப்ரினுக்கு, சுமலதா எழுதிக்கொள்வது.

உன் தம்பி ஜாகிர் வெள்ளிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான். இதை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் மேலே போய்விடும், தாளில் இருந்தால் தலைமாட்டில் வைத்துக்கொள்வாய்.

இரண்டு வாரம் முன்பு பெரிய மார்க்கெட்டில் உங்கம்மாவைப் பார்த்தேன். உனக்கு ஐந்தாம் மாதம் என்றும், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுப் படுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். "கட்டிப் போட்டாப்ல இருக்குன்னு அழுவுறாம்மா. நீதான் அவளுக்கு ஏதாச்சும் படம் கிடம் பாக்கச் சொல்லேன்" என்றார்கள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். சட்டென்று மீன்காரியிடம் திரும்பி, வாங்கப் போகாத வஞ்சிரத்துக்கு விலை கேட்டார்கள்.

பதினோரு வாரம் கூடத்துக் கட்டிலில் படுத்து டிவி பார்த்தவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் அப்போது நான் பார்த்த எதையும் உனக்குச் சொல்ல மாட்டேன். இவை எல்லாம் சமீபத்தில் வந்தவை.

முதலில் அந்த மலையாளத் தொடர். ஒரு தபால் ஆபீஸ், நாலு ஊழியர்கள், ஓர் ஆடு. யாரும் யாரையும் வெட்டுவதில்லை. மூன்றாவது எபிசோடில் சிரிப்பு தாங்காது. வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு மெதுவாகச் சிரி.

அப்புறம் கொரியாவில் நூடுல்ஸ் கடை நடத்தும் மாமியார் மருமகள் கதை. பதினாறு எபிசோட். இரண்டு வாரத்துக்குத் தாங்கும். தமிழில் பேசவிட்டுப் பார்க்காதே, மாமியார் குரல் சகிக்காது.

புதிதாக வந்திருக்கும் போலீஸ் தொடரை ஆரிப் போடச் சொன்னாலும் போடாதே. நான்காவதில் ஆஸ்பத்திரி வருகிறது. உன் புருஷனிடம் நான் சொன்னேன் என்று சொல்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரை நிறுத்தியதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பத்து நிமிடம் பார்ப்பேன். எழுந்து துணி மடிப்பேன். மறுபடி பத்து நிமிடம். எங்கேயாவது ஒரு தொட்டில், ஒரு ஸ்கேன் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்தேன்.

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் செய்தி மட்டும்தான் ஓடியது. இருபத்தொன்பதாவது வாரத்தில், வெறும் கையோடு நான் வீடு திரும்பிய அன்று டிவியைப் போட்டதும், பாதியில் விட்டதைத் தொடரவா என்று அதுவே கேட்டது. என் புருஷன் விஜய் பிளக்கையே பிடுங்கிவிட்டார். அதனால் போன வாரம் அவர் வீட்டுக்குள் வந்தபோது ஆடு தபால் பையைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, ஹெல்மெட்டோடு அப்படியே நின்றார். "யாருக்காகப் பாக்கறே?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சிரித்தோம் ஆஃப்ரின். சிரித்து முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனோம்.

என் மாமியார் அமிர்தவல்லியை உனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. "மாசமா இருக்கறவளுக்கு நீ எதுக்குமா எழுதறே? சொல்றதுக்கு வேற ஆளா இல்ல?" என்றார். அன்று எழுதிக்கொண்டிருந்ததைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது முறை எழுதுவது.

நீ என்னிடம் சொல்லாததற்கு நான் கோபப்படவில்லை. காலாப்பட்டில் ஒன்றாகப் படித்தபோது தலைவலி வந்தால்கூட முதலில் என்னிடம்தான் சொல்வாய். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. என் மனசு நோகுமென்று பயந்தாயோ, என் ராசி ஒட்டுமென்று பயந்தாயோ, இரண்டையும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

பத்து நாள் லீவு கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. வா என்று ஒரு வார்த்தை அனுப்பினால் கொடுத்துவிடுவேன். சமைப்பேன், தலை வாரிவிடுவேன், ரிமோட் உன் கையிலேயே இருக்கட்டும். வேண்டாம் என்று பட்டால் பதிலே போடாதே. அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்வேன்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படு. தண்ணீர் நிறையக் குடி. இரண்டு உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறந்ததும் அந்தச் செய்தி மட்டும் யார் மூலமாகவும் எனக்கு வர வேண்டாம். நீயே கூப்பிடு. நான் அழுதால், போனை வைத்துவிடாதே.

என்றும் உன்,
சுமலதா