மாடு குறுக்கே வரவில்லை

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு வானம் மூட்டம். இடக்கையால் எழுதுவதால் கோழி கிண்டியது மாதிரி இருக்கிறது எழுத்து. எனக்கு மட்டும் விளங்கினால் போதும்.

எனக்கு: வலது மணிக்கட்டு முறிவு, பிளாஸ்டர், ஆறு கிழமை, ஒன்றரை மாதம். விலாவில் அடி. தும்மினால் உயிர் போகிறது.
சைக்கிளுக்கு: முன் றிம் நெளிவு, மணியைக் காணவில்லை.
பைனாகுலருக்கு: ஒரு கீறல்கூட இல்லை. அலுமாரியில், சேலைகளுக்கு அடியில். என் மனிசன், இவருக்குத் தெரியாது.

நடந்ததை எங்காவது உள்ளபடி எழுத வேண்டும். வெள்ளி பின்னேரம், குளக்கட்டு. தலைக்கு மேலே விராலடிப்பான் பறவை, காலில் மீனோடு. பனிக்கால விருந்தாளி. இந்தக் குளத்தில் இதற்கு முன் ஒரே ஒருமுறை கண்டிருக்கிறேன். ஒரு கை ஹாண்டிலில், ஒரு கை பைனாகுலரில், கண் வானத்தில். முன்சில்லு வெள்ளம் நின்ற கிடங்கில், குழி இருந்ததே தெரியவில்லை.

வலக்கை தொங்கத் தொங்க, முதலில் பைனாகுலரைப் பைக்குள் போட்டேன். பிறகுதான் கத்தினேன். ஓடிவந்தவர்கள் கேட்டது, "மாடே ரீச்சர்? குறுக்கை வந்ததே?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னது.

டிசம்பர் 23, செவ்வாய்

மழை. நித்திரை இல்லை, ஒருபக்கமும் சரிய முடியாது. ஞாயிறு பேப்பர் குறுக்கெழுத்தில் ஒன்பது கட்டம் மிச்சம். கட்டத்துக்குள் எழுத்து அடங்குவதில்லை.

லெட்சுமியக்கா வந்தார். அடுத்த ஒழுங்கையில் வீடு. தகப்பன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒரே ஒரு பசு, செவலை. கையில் போத்தல் நிறையப் பால்.

"கை கூடற வரைக்கும் தினம் கொண்டாறேன் டீச்சர். மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

யாருடைய மாடு என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் குளக்கட்டுப் பக்கம் மேய்வது செவலை மட்டும்தானாம், ஊரே கண்டுபிடித்துவிட்டது. அந்த நேரமே சொல்லியிருக்கலாம். "வேண்டாம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். இவர் போத்தலை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். "குடியும், எலும்புக்கு நல்லது."

குடித்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

வெயில், கொஞ்சம். குசினி வாசலில் கதிரை. இருந்த இடத்திலேயே பறவைக் கணக்கு: புலுனி 7, செண்பகம் 1, மதில்மேல் மீன்கொத்தி 1. ஆறுமணிக்குருவி, சத்தம் மட்டும். பறவைக் கொப்பியில் ஒருநாள் தவறாமல் எழுதி வருகிறேன். விழுந்த அன்று, 19ஆம் திகதிப் பக்கம் மட்டும் வெறுமை. எழுதினால் இவர் பார்ப்பார். தம்பி பைனாகுலர் அனுப்பிய அன்றே சொன்னவர், "உதோடை ஒருநாள் விழுந்துதான் எழும்புவீர்" என்று. அவருக்கு அந்த வெற்றியைக் கொடுக்க மனமில்லை.

பின்னலும் எடுத்துப் பார்த்தேன். பாதி சால்வை. ஒரு கையால் நூலைச் சிக்காக்கத்தான் முடிந்தது.

பின்னேரம் கிராம சங்கத் தலைவர் தோடம்பழத்தோடு. "கட்டாக்காலி மாட்டுப் பிரச்சினைக்கு இனி ஒரு முடிவு கட்டவேணும். ஒரு ரீச்சரே விழுந்தாப் பிறகும் பாத்துக்கொண்டிருக்கேலாது." தோடம்பழத்தை எண்ணுவதுபோல் குனிந்திருந்தேன்.

பால், நாலாம் நாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

திரும்ப மழை. முதுகு உளைவு. குறுக்கெழுத்து திறக்கவில்லை.

இவர் சங்கக் கூட்டத்தால் வந்து குடையை மடக்கவே இல்லை, கதை தொடங்கிவிட்டார். லெட்சுமியக்காவுக்கு மாட்டை மேய்க்கக் காணி கிடையாது. ஆகவே விற்கச் சொல்லித் தீர்மானம். வருசம் பிறந்தவுடன் வாங்குகிற ஆள் வருகிறானாம்.

"அவா என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை. தலையை ஆட்டினவா. உம்மடை கை முறிஞ்சதிலை ஊருக்கு ஒரு நன்மை."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கவும் ஒரு கைதான்.

வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்துமூன்று வயது. பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனை தரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

மழை விட்டிருந்தது. இவர் வயலுக்குப் போனதும் மெல்ல நடந்தேன். பத்து நிமிட வழி, அரை மணித்தியாலம்.

லெட்சுமியக்கா கொட்டிலில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். செவலைக்குப் பக்கத்தில் ஒரு கன்று. சின்னக் கன்று.

நின்றபடியே சொன்னேன். மாடு இல்லை அக்கா, குருவி பாத்து விழுந்தனான் என்று.

சாணக் கையைத் துடைத்தார். "தெரியும் டீச்சர். அன்னைக்குச் செவல இங்கதான் நின்னிச்சு. கன்னு போட்டு நாலு நாளு. கயித்தவே அவுக்கல."

"தெரிஞ்சுகொண்டே பால் கொண்டு வந்தனீங்கள்?"

"நீங்க மாடுன்னு சொல்லிட்டீங்க. நாங்க இல்லைன்னு சொன்னா யாரு கேப்பா? நாங்க இங்கதானே இருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கன்று போட்டிராவிட்டால் பால் எங்கிருந்து வந்திருக்கும்? ஏழு புலுனியை எண்ணின எனக்கு அது மூளையில் ஓடவில்லை. கன்றின் பாலைக் குடித்திருக்கிறேன், ஒரு கிழமையாக.

டிசம்பர் 31, புதன்

காலமை தேத்தண்ணியோடு இவரிடம் சொன்னேன். கொப்பியை எடுத்து முன்னால் வைத்தேன். 19ஆம் திகதி: விராலடிப்பான் 1, மீனோடு. விடிய இடக்கையால் எழுதியது.

கொப்பியைக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு, "பருந்தோ?"

"பருந்தில்லை."

"பைனாகுலர் உடைஞ்சு போச்சோ?"

"இல்லை."

"கை மட்டும் உடைஞ்சது" என்றார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். "வாரும். தலைவரிட்டை நீர்தான் சொல்லவேணும். நான் வாசல்லை நிக்கிறன்." வழிநெடுகக் கிடங்கு கிடங்காக விலா குத்தியது. ஒவ்வொன்றுக்கும் மெதுவாக்கினார்.

தலைவர் வீட்டில் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர், "மாடெண்டுதானே எல்லாரும் சொன்னவை?" என்றார்.

"எல்லாருக்கும் சொன்னது நான்தான்."

தீர்மானம் இல்லையென்றாகிவிட்டது. லெட்சுமியக்காவிடம் தலைவரே போய்ச் சொல்லவேண்டும் என்று நின்றேன். போனார். முகம் நல்லாயில்லை.

வீடு வந்து படுத்ததுதான். எழும்ப மனமில்லை.

ஜனவரி 2, வெள்ளி

பனி. விடிய வானம் வெளுப்பு. கை கடிக்கிறது, பிளாஸ்டருக்குள் சொறியப் பின்னல் ஊசி உதவுகிறது. பின்னலுக்கு இப்போதைக்கு அதுதான் வேலை.

புலுனி 5.

ஏழரைக்கு லெட்சுமியக்கா மேய்ச்சலுக்கு ஒழுங்கையால் போனார். முன்னால் செவலை, கயிறு கையில். பின்னால் கன்று துள்ளிக்கொண்டு. படலைப் பக்கம் பார்ப்பார் என்று கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். பார்க்கவில்லை. கையில் போத்தலும் இல்லை.

இவர் பாலில்லாத வெறும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.