சனிக்கிழமை பாட்டில்

பாரிவாக்கம்
7.7.2024

அன்பு லாவ்,

மலை ஏறிப் போனவளுக்குக் கீழே கிடப்பவள் எழுதுவது. அட்டை கடித்த கால் ஆறியதா? உன் நிலையத்தில் சிக்னலே இல்லை என்றதும் முதலில் எரிச்சலாக வந்தது. இப்போது பார், காலேஜ் லீவில் எழுதிக்கொண்ட மாதிரி மறுபடியும் பேனா பிடித்திருக்கிறேன். கயல் குட்டி தூங்கினால்தான் எழுத முடிகிறது. ஸ்ரீகாந்துக்கு இந்த மாதமும் நைட் ஷிஃப்ட்.

இந்த வாரத் தண்ணீர்ப் பாட்டிலை உங்கள் ஆய்வு மையத்து டிரைவர் அருள் வந்து வாங்கிப் போய்விட்டார். நீ சொன்ன மாதிரியே தாங்கல் ஏரியின் மதகுப் பக்கம் போய் மொண்டு, இறுக மூடி, சனிக்கிழமை வரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். பாத்திரம் தேய்க்க வரும் குப்பம்மா அதைப் பார்த்துவிட்டாள். "இன்னாமா நீ, பாலு பக்கத்துல பீத்தண்ணிய வெச்சிகினு கீற? படிச்சவங்க ஊடுன்னா இப்பிடித்தானா?" என்றாள். ஆராய்ச்சிக்கு என்றேன். "மோந்து பாத்தாலே தெர்தே, இன்னும் இன்னாத்த ஆராயறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் சிரித்தேன். அவள் போனதும் பால் பாக்கெட்டை எடுத்து மேல்தட்டில் வைத்தேன்.

எங்கெங்கோ இருக்கிற அபார்ட்மென்ட்டுகளின் செப்டிக் டேங்கை உறிஞ்சி வரும் லாரிகள் எங்கள் பின்பக்கத்துத் தாங்கலில்தான் கொட்டுகின்றன. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் குமட்டல். துவைத்துக் காய்ந்த துணியிலும் அதே நாற்றம். கயலின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போய்விட்டது. காற்றுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். அந்தக் காற்றைத்தான் அவள் மூச்சாக இழுக்கிறாள். உங்கள் ஆய்வு முடிந்ததும் தாங்கலைச் சுத்தம் செய்துவிடுவீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? எங்கள் போர்வெல் தண்ணீரும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துத் தரட்டுமா? சோதித்துச் சொல்வாயா?

உன் அகல்

*

வெப்பமண்டல உயிர்ச்சூழல் ஆய்வு மையம்
மலை நிலையம்
21.7.2024

என் அகல் கண்ணு,

உன் கடிதம் அரிசி மூட்டையோடு ஜீப்பில் வந்தது. மூன்று தடவை படித்துவிட்டேன். குப்பம்மாவை இங்கே அனுப்பிவை, எங்கள் விஞ்ஞானிகளுக்கு அப்படி ஓர் ஆள் தேவை.

இங்கே மழை விடவே இல்லை. நேற்று ஓர் இலைக்கு அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை. அதன் முட்டைகள் கண்ணாடி மாதிரி இருந்தன. உன்னை நினைத்துக்கொண்டேன். லேபில் தவளையை அறுக்கச் சொன்னதற்கு அழுதவள் நீதானே.

இன்னொரு நல்ல செய்தி. வேப்பம்பட்டுப் பக்கம் நாங்கள் எடுத்துச் சீர்செய்துவரும் ஏரி தெளிந்துவிட்டது. கரையில் சம்புப் புல் நட்டோம், அதற்குள் தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை வந்து குஞ்சு பொரித்திருக்கிறது. இந்த வேலை பேர் வாங்கித் தரும் என்று இயக்குநரே சொல்கிறார். எனக்கு நிரந்தர வேலையும் இதில்தான் இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் வேண்டாம்டி. ஒவ்வொரு பாட்டிலும் கணக்கு. வீட்டுத் தண்ணீர் எங்கள் ஆய்வுக்குள் வராது. காய்ச்சிக் குடி, போதும். ஒரு சனிக்கிழமையும் விட்டுவிடாதே.

கயலுக்கு முத்தங்களுடன்,
லாவ்

*

பாரிவாக்கம்
25.8.2024

அன்பு லாவ்,

கயலுக்கு டைபாய்டு. பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து முந்தாநாள்தான் கூட்டி வந்தோம். அந்தச் சின்னக் கையில் ஊசிக்கு நரம்பு தேடித் தேடிக் குத்தினார்கள். கடைசியில் அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். டாக்டர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். காய்ச்சித்தான் கொடுக்கிறேன் என்றேன். "குளிக்கும்போது வாயில் போகுமேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே லாரி வந்து நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். குழாயைச் சொருகிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாக்கா, புச்சா கொட்ற மாதிரி கத்துற? ஏற்கெனவே நாறிகினுதான கீது" என்றான். குழாய் ஒருமுறை துள்ளி, அந்தச் சகதி என் புடவைத் தலைப்பில் தெறித்தது. புடவையை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. கீழேயே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆனால் விடிவு வந்துவிட்டது லாவ். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் அங்கிள், ஆவடி ராணுவ டேங்க் பேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "டேங்கே செஞ்சு அனுப்புனவன்மா நானு, இந்த டேங்கர நிறுத்த மாட்டேனா?" என்றார். நேற்று ஆர்டரே வாங்கிவிட்டார். அடுத்த மாதம் பொக்லைன் வந்து தூர் வாரப்போகிறது. லாரி வரும் வழிக்கு கேட் போடுகிறார்கள். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்கூட ஸ்ரீகாந்தை அனுப்பிப் பாட்டில் பிடித்து வைத்தேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் அகல்

*

மலை நிலையம்
8.9.2024

கண்ணு,

கயல் செய்தி படித்தேன். பொண்ணு பிழைத்தாளே, அது போதும். இளநீர் கொடு, மாதுளை கொடு. நீயும் சாப்பிடு.

நல்லவேளை பொக்லைன் விஷயம் எழுதினாய். படித்ததும் அப்படியே ஜீப்பில் கீழே இறங்கிப் போய் அந்த ஆபீஸுக்கே போன் போட்டேன். மையத்தின் பெயரில் நானே கையெழுத்துப் போட்டுக் கடிதமும் கொடுத்தாயிற்று. மார்ச் வரை தாங்கலை யாரும் தொட மாட்டார்கள். லாரி விஷயத்திலும் இப்போதைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீயும் விலங்கியல் படித்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. வேப்பம்பட்டு ஏரி தெளிந்தது எங்களால்தான் என்று நிரூபிக்க, கை வைக்காத இன்னொரு நீர்நிலை பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதுதான் உன் தாங்கல். ஆரம்பத்திலிருந்தே அது ஒப்பீட்டுத் தளம். நடுவில் சுத்தம் செய்துவிட்டால் நம் உழைப்பு முழுக்க வீண். நம் என்றுதான் சொல்வேன், பாதி உழைப்பு உன்னுடையது. கட்டுரையில் உன் பெயருக்கு நன்றி போடுவேன்.

லாவ்

*

பாரிவாக்கம்
19.10.2024

லாவண்யா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். அதையும் இதே தண்ணீரில்தான் கழுவ வேண்டியிருந்தது.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், உட்காரும்போதெல்லாம் குமட்டியது. முதலில் தாங்கலின் நாற்றம் என்றுதான் நினைத்தேன். இல்லை. என் ஃபிரிட்ஜில், என் குழந்தையின் பாலுக்குக் கீழே, அந்தப் பாட்டிலை வாரம் தவறாமல் நானே வைத்திருக்கிறேன் என்பதுதான். சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று ஒவ்வொரு பாட்டிலையும் மொண்டேன். அது அழுக்காகவே இருக்க வேண்டும் என்று நீ ஒவ்வொன்றையும் வாங்கியிருக்கிறாய். நான் சந்தோஷம் தாங்காமல் எழுதிய கடிதத்தை வைத்தே பொக்லைனை நிறுத்தியிருக்கிறாய்.

தாழைக்கோழிக் குஞ்சுக்காக சம்பு நட்டவள் நீ. கயல் உனக்கு எந்தத் தளம்?

ஏகாம்பரம் அங்கிள் வாசலில் நின்று, "ஒங்க ஃப்ரெண்டாமே, கையெழுத்துப் போட்டது" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இனிமேல் படியில் அவரைப் பார்த்தால் நான்தான் ஒதுங்க வேண்டும்.

நடுவில் சில சனிக்கிழமை அருளை வெறுங்கையோடு அனுப்பினேன். அவர் பாவம். இன்றைக்கு ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு உபகாரம் செய். இத்தனை பாட்டிலுக்கு ஒரு முடிவைக்கூட நீ எனக்குச் சொன்னதில்லை. இந்த ஒன்றின் முடிவை உன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அகல்யா

*

மலை நிலையம்
3.11.2024

அகல் கண்ணு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. தாயாக நீ அப்படித்தான் பேசுவாய். ஆனாலும் பாட்டில் கொடுத்தாய் பார், அதுதான் என் அகல். மார்ச் வந்ததும் நானே முன்னால் நின்று தூர் வாரச் சொல்கிறேன், இது சத்தியம்.

நீ கேட்ட முடிவு இதோ. உன் சனிக்கிழமை பாட்டிலில் மலக்கிருமி இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. முந்தைய வாரங்களைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த வாரம் அங்கே நல்ல மழையாமே, மழை பெய்தால் நீர்த்துத்தான் போகும். மற்றபடி அதே கிருமிகள், அதே போக்கு. சோதனைத் தாளைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம், இது பாரிவாக்கம் தாங்கல் என்று. சந்தேகமே இல்லை. நடுவில் விட்ட வாரங்களால் பெரிய நஷ்டமில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து மறுபடி ஒழுங்காக அனுப்பிவிடு.

கயல் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாளா?

லாவண்யா

*

பாரிவாக்கம்
17.11.2024

லாவண்யாவுக்கு,

அந்தப் பாட்டிலை நான் பிடித்தது என் சமையலறைக் குழாயில்.

ஜூலையில் கேட்டபோது வீட்டுத் தண்ணீர் உங்கள் ஆய்வுக்குள் வராது என்றாய். அதனால் தாங்கலின் பெயரை ஒட்டிக் கொடுத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் அது. கீரை அலசியது, அவள் ஸ்பூனைக் கழுவியது எல்லாம் அதில்தான். சந்தேகமே இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை ஏகாம்பரம் அங்கிள் நகல் எடுத்து, அது குழாய்த் தண்ணீர் என்று நான் எழுதிய கடிதத்தையும் சேர்த்து ஆபீஸில் கொடுத்துவிட்டார். உன் கையெழுத்துக்கு அங்கே மரியாதை இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே பொக்லைனை நிறுத்தினார்கள். அதே கையெழுத்தைப் பார்த்து வியாழக்கிழமை அதை அனுப்பிவிட்டார்கள். கரையெல்லாம் கறுப்புச் சேறு குவிந்து கிடக்கிறது. நாற்றம் முன்னைவிட மோசம். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

கயல் சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. இனி அவளைப் பற்றி உனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

காலிப் பாட்டில்களை அருளிடம் கொடுத்துவிட்டேன். நன்றி போடுவதாகச் சொன்ன இடத்தில் என் பெயர் வேண்டாம். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை சோடா உப்புப் போட்டுத் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டேன். குப்பம்மா குனிந்து மோந்து பார்த்தாள். "போவலமா" என்றாள். தட்டையே கழற்றி வெளியே போட்டுவிட்டோம்.

அகல்யா