சிரித்தபடி கிளறிய அல்வா

அமாஸ்ரா

என் கண்ணே,

பெர்லினிலிருந்து நீ அனுப்பிய தோழிகள் இன்று வந்தார்கள். கோட்டைக்கு வெயில் ஏறுமுன் போங்கள், மீன் சாப்பிடப் படகுத்துறையைத் தாண்டிப் போங்கள் என்று சொன்னேன்.

அடுப்பில் வெண்ணெயில் மாவு வறுபட்டுக்கொண்டிருந்தது. "என்ன வாசனை, எங்களுக்கும் கத்துக்குடுங்கம்மா" என்று கேட்டு, ஆளுக்கொரு தடவை சிரித்தபடி அல்வாவைக் கிளறினார்கள்.

எதிர்வீட்டு மெலாஹத்துக்குப் பொறுக்கவில்லை. "செத்தவங்களுக்காகக் கிண்டுற அல்வா இது, அக்கா. இவங்க சிரிக்கிறாங்க, நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற."

"சிரிக்கட்டும்டி. பெத்த பொண்ணு கிளற வேண்டியது. அவ அனுப்புன கையாவது கிளறட்டும்" என்றேன்.

உன் அப்பாவின் நாற்காலியில் பைகளை வைத்தார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

நீயும் அங்கே ஒரு பிடி மாவு வறுத்துக் கிளறு. பிறகு புறப்பட்டு வா. இனி வாசலில் நின்று உன்னைத் தடுக்க இந்த வீட்டில் யாருமில்லை.

உன் அம்மா